தறியிலேயே முடியும் உடை

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு இன்றியமையாதது உடை. அவ்வுடையை நெய்பவர்கள் நம் சங்கத்தார். அதற்கு மூலமான பருத்தியை விளைவிப்பவர்களும் நம் சங்கத்தாரே. எனினும், நாம் நெய்த துணியை யார் உடுத்துகிறார், எந்த வேலைக்கு உடுத்துகிறார், ஏன் அதனை விரும்புகிறார், ஏன் கைவிடுகிறார் என்பவற்றை நாம் முறையாக ஆராய்வதில்லை. சேலையின் கரையையும் முந்தானையையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், ஆடவர் அன்றாடம் உடுத்தும் துணியைப் பற்றிச் சிறிதும் பேசுவதில்லை. ஆதலின் இப்பாடத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதனை அடுத்த முத்துக் கடற்கரையையும் எடுத்துக்கொண்டு, அங்கு ஆடவர் உடை வளர்ந்த வரலாற்றையும், அதிலிருந்து நெசவாளரும் விவசாயியும் கற்க வேண்டுவனவற்றையும் காண்போம்.

1. தையற்காரன் இல்லாத நாடு

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பிரயாணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் பற்றி விரிவாகக் குறித்திருக்கிறார். ஓர்மஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் காயலில் தங்கும் என்பதும் அவர் தரும் செய்தி. அவருக்கு வியப்பளித்த மற்றொன்று உடை. இந்நாட்டில் சட்டை வெட்டித் தைக்கும் தையற்காரனே இல்லை என்றும், மக்கள் இடையில் ஒரு துணி மட்டுமே உடுத்துகிறார்கள் என்றும் அவர் எழுதினார். அரசனும் அவ்வாறே இடையில் ஒரு துணிதான் உடுத்தியிருந்தான்; ஆனால் அத்துணி மிக மெல்லியது, கழுத்திலும் கைகளிலும் முத்தும் மாணிக்கமும் நிறைந்திருந்தன.

அயல்நாட்டார் எழுத்தில் சிறிது மிகை இருக்கலாம். குதிரை கொண்டுவந்த அரபு வணிகர் தைத்த அங்கி அணிந்தே வந்திருப்பர். ஆயினும் அவர் கண்ட உண்மை ஒன்று நமக்கு மிகவும் பயன்படுவது. அரசனுடைய உடைக்கும் முத்துக் குளிப்போனுடைய உடைக்கும் வெட்டில் வேறுபாடு இல்லை. வேறுபாடு நூலில், நெய்த்தியில், அளவில் இருந்தது. அதாவது, உடைக்கு உயர்வு தாழ்வு அளித்தவன் தையற்காரன் அல்லன், நெசவாளனே.

நம் மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. துணி என்னும் சொல் 'துணித்தல்' என்பதினின்றும் வந்தது. பழைய இலக்கியம் ஆடையை 'அறுவை' என்கிறது. அது 'அறுத்தல்' என்பதினின்றும் வந்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் ஒருவரின் பெயரே அவர் துணி வணிகர் என்பதைக் காட்டுகிறது. தோளில் இடும் துண்டும் துண்டிக்கப்பட்டதே. தறியிலிருந்து அறுத்த அளவிலேயே உடை முடிந்துவிட்டது என்பது இச்சொற்களின் பொருள். இதனை அங்கத்தினர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பின்னர்ச் சொல்லப்போகும் வரவு செலவு முழுவதும் இதன்மீதே நிற்கிறது.

2. உடையை வகுப்பது வேலை

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைக் கரையோர மக்கள் 'பார்' என்று வழங்குவர். குளியாள் ஒருவர் கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் ஊன்றி, மூச்சை அடக்கிப் பல பாக ஆழத்துக்கு இறங்குவார். வலைப்பையில் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். இத்தொழிலுக்கு உரிய உடை இடையில் இறுகக் கட்டிய சிறு துணியே. நீரில் விரியும் துணி உடலைத் தடுக்கும். கயிற்றில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே மோசம் வரும். ஆகையால் அச்சிறு துணியை வறுமையின் அடையாளம் என்று மட்டும் கொள்ளுதல் தவறு. தொழிலின் தேவையும் அதுவே. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடைபெற்ற முத்துக் குளிப்புகளே இறுதியானவை. அதன்பின் முத்துக் குளிப்பு நின்றுவிட்டது.

தோணியிலும் மீன்பிடி வள்ளத்திலும் வேலை செய்வோருக்குக் கட்டம் போட்ட கைலி ஏற்றது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டலாம். அழுக்கும் மீன் கறையும் எளிதில் தெரியா. நனைந்தால் விரைவில் உலரும். இரவில் போர்வையும் ஆகும். உப்பளத் தொழிலாளிக்கு வெயிலும் உப்பு நீரும் பகை. அவருக்குத் தலையில் கட்ட அகலமான துண்டு வேண்டும்; உப்பு நீரில் சாயம் போகாத துணியும் வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசற் காட்டில் உழுபவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவார். அவருக்கு இழுப்பைத் தாங்கும் தடித்த நூல் வேண்டும். துறைமுக அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் சட்டையும் காற்சட்டையும் அணிவார். மாலையில் வீடு திரும்பியதும் அவரும் கைலிக்கு மாறுவார்.

இவ்வாறு ஒரே ஊரில் ஐந்து வேலைக்கு ஐந்து வகைத் துணி வேண்டியிருக்கிறது. 'வேட்டி' என்னும் ஒரே பெயரில் ஒரே ரகத்தை நெய்து குவித்துவிட்டு, விற்கவில்லையே என்று ஏங்குவது முறையன்று.

வேலை நாளைப் போலவே விழா நாளும் துணியை வகுக்கிறது. திருச்செந்தூர் முருகன் கோயிலில் ஆடவர் சட்டையைக் களைந்து உட்செல்வர். அங்கே காண்பது இடையில் கட்டிய வேட்டியும் தோளில் இட்ட துண்டுமே. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத் திருவிழா ஆகஸ்டு 5-இல் நிறைவுறும். அதற்கு முன்பே புத்தாடை வாங்குவோர் கூட்டம் கடைவீதியில் பெருகும். காயல்பட்டினத்தில் நோன்புப் பெருநாள் வெண்ணிற ஆடைக்குரிய நாள். இம்மூன்று சமயத்தாருக்கும் பொதுவானது தறியில் முடிந்த துணி. எந்த மாதத்தில் எந்த ரகம் விலைபோகும் என்பதை இவ்விழாக்களைக் கொண்டே சங்கம் முன்கூட்டிக் கணிக்கலாம்.

3. கைலி வந்த வழி

கைலியைத் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் 'சாரம்' என்பர். இது மலாய் மொழியின் 'சாரோங்' என்னும் சொல்லோடு உறவுடையது. தூத்துக்குடியும் காயல்பட்டினமும் கொழும்புடனும் கீழ்த்திசை நாடுகளுடனும் கொண்டிருந்த கடல் வாணிபத்தால் அவ்வுடை இக்கரையில் வேரூன்றியது. கொண்டதைப் போலவே நாம் கொடுத்ததும் உண்டு. மலாய் நாட்டில் கட்டம் போட்ட பருத்திச் சாரத்துக்குப் 'பெலிக்காட்' என்று பெயர். அது நம் பழவேற்காட்டின் பெயரே. அவ்வூர்த் துறையிலிருந்து ஏற்றுமதியான துணி, ஊரின் பெயரையே அயல்நாட்டு அகராதியில் பொறித்துவிட்டது.

1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியாரும் முத்தையும் சங்கையும் மட்டும் நாடவில்லை. துணியையும் பெருமளவில் வாங்கி ஏற்றினர். சோழமண்டலக் கரையின் செந்நிறத் துணிக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தவற்றுள் ஒன்று, கடலோர மணலில் வளரும் இம்பூறல் என்னும் சாயவேர். அக்காலத்துச் சாயக்காரர் அதனைக்கொண்டு வெளுத்தாலும் போகாத சிவப்பை ஏற்றினர். துவைக்கத் துவைக்க நிறம் நிற்கும் என்ற நம்பிக்கையே நம் துணியின் விலையாக இருந்தது. இன்று சாயம் போகும் கைலியை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை நம் சங்கக் கடைக்கு வருவாரா?

4. பொத்தானும் தலைப்பாகையும்

'பொத்தான்' என்பது போர்த்துகீசியச் சொல். தைத்த மேலாடை பரவப் பரவ, அதற்குரிய சொற்களும் நம் மொழியில் கலந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் கோட்டு அலுவலகத்தின் அடையாளமாயிற்று. எனினும் நம்மவர் அதனை அப்படியே ஏற்கவில்லை. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியாரின் படத்தைப் பாருங்கள். கோட்டுக்கு மேலே தலைப்பாகை இருக்கும். வழக்கறிஞரான வ.உ.சிதம்பரம் பிள்ளையின் படங்களிலும் கோட்டும் தலைப்பாகையும் சேர்ந்தே காணப்படும். மேல்நாட்டுத் தையலும் நம் நாட்டுத் தையலற்ற துணியும் ஒரே உடலில் குடிகொண்ட காலம் அது.

அக்காலத்துப் பொருளாதாரமோ மிகக் கொடியது. கரிசல் நிலத்துப் பருத்தி 'தின்னவெல்லி' என்ற பெயரோடு தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. சீமை ஆலைத் துணியாகத் திரும்பி வந்தது. விளைவித்தவனுக்குப் பஞ்சு விலை மட்டும் கிடைத்தது. நெசவாளனுக்கு அதுவும் இல்லை. 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி., தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலையையும் ஏற்படுத்தினார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. கப்பலும் தறியும் ஒரே கொள்கையின் இரு கைகள் என்று அவர் கண்டார். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு நடத்திய வேலைநிறுத்தத்துக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். நூற்பவன் கூலியும் நெய்பவன் வாழ்வும் உடுப்பவன் உடையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

5. உடையும் மானமும்

உடை என்பது குளிர் வெயிலுக்கு மட்டும் உரியதன்று, மானத்துக்கும் உரியது. பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கி விடுகிறோம். இது விருப்பத்தோடு காட்டும் மரியாதை. ஆனால் விருப்பமின்றிச் சுமத்தப்பட்ட கட்டளைகளும் நம் நாட்டில் இருந்தன.

1930-இல், இக்கரையை அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் விதித்த தடைகளை ஜே.எச்.ஹட்டன் தம் சாதி ஆராய்ச்சி நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடைக்கு மேலும் துணி உடுத்தலாகாது, சட்டையோ கோட்டோ பனியனோ அணியலாகாது என்பன அவற்றுள் சில. ஒரு முழத் துணி கூடுதலாக உடுத்துவதே குற்றமாகக் கருதப்பட்டது. அம்மக்கள் சட்டை அணிந்தபோது அது நாகரிக மோகம் அன்று, உரிமைப் பிரகடனம். தைத்த சட்டையை நெசவுக்குப் பகை என்று எளிதாகப் பழிப்போர் இதனைக் கருத வேண்டும். மறுக்கப்பட்டவருக்குச் சட்டை விடுதலையாகவே வந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேலாடையையும் நீண்ட வேட்டியையும் துறந்து, ஏழை விவசாயியைப் போல முழங்கால் அளவு துணியை உடுத்தத் தொடங்கினார். அவர் தாமே தெரிந்தெடுத்தார். இராமநாதபுரத்தில் பிறர் கட்டாயப்படுத்தினர். துணியின் நீளம் ஒன்றேயாயினும், விருப்பத்தால் உடுத்துவதற்கும் வலியால் உடுத்துவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

பிற்காலத்தில் தடை வேறு உருவில் வந்தது. 2014 ஜூலையில் சென்னைக் கழகம் ஒன்றில் வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அதன் விளைவாக, வேட்டி உடுத்தியவரைப் பொது இடங்களில் தடுப்பதை விலக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நிறைவேற்றியது. ஒரு காலத்தில் நீள வேட்டி கட்டாதே என்றனர். மற்றொரு காலத்தில் வேட்டியோடு வராதே என்றனர். இரண்டிலும் பிழை ஒன்றே. பிறன் உடலில் எது இருக்க வேண்டும் என்பதைத் தான் முடிவு செய்ய முனைவதே அப்பிழை. நெசவாளர் சங்கம் எவரையும் வேட்டி உடுத்துமாறு வற்புறுத்த இயலாது, வற்புறுத்தவும் கூடாது. அவர் விரும்பி உடுத்துமாறு நெய்வதே நம் கடமை.

6. ஒரு சிறு கணக்கு

நூலின் நம்பர் என்பது யாது? ஒரு பவுண்டு எடையில், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே நம்பர். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜமும், 60-ஆம் நம்பரில் 50,400 கெஜமும் இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

நான்கு முழ ஒற்றை வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 2 கெஜம், அகலம் 50 அங்குலம். பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 64 இழை எனக் கொள்வோம்.

பாவு: 50 × 64 = 3,200 இழை; ஒவ்வொன்றும் 2 கெஜம்; ஆக 6,400 கெஜம்.

ஊடை: 72 அங்குலம் × 64 = 4,608 இழை; ஒவ்வொன்றும் 50 அங்குலம்; ஆக 6,400 கெஜம்.

மொத்தம் 12,800 கெஜம். 60-ஆம் நம்பர் நூலானால் ஏறத்தாழ 115 கிராம். 40-ஆம் நம்பரானால் ஏறத்தாழ 173 கிராம். நெய்யும்போது ஏற்படும் சுருக்கமும் கழிவும் இதில் சேரவில்லை. தடித்த நூலுக்கு இழை எண்ணிக்கையைக் குறைப்பது வழக்கம். ஒப்பிடுவதற்காக இங்கே ஒரே அளவில் வைத்தோம்.

இதிலிருந்து விளங்குவது யாது? எட்டு முழ இரட்டை வேட்டிக்கு இவ்வளவுகளை இருமடங்காக்கினால் போதும். உழவருக்கும் கடல் தொழிலாளிக்கும் உகந்த தடித்த வேட்டியில் நூல் மிகுதி. விழாவுக்கு உரிய மெல்லிய வேட்டியில் நூல் குறைவு. தடித்த, நடுத்தர நூலுக்குக் கரிசல் நிலத்துக் கருங்கண்ணிப் பருத்தி பொருந்தும். 1901-இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தில் பல ரகங்களை உருவாக்கியுள்ளது. வேலைத் துணிக்குத் தேவை வளர்ந்தால், மானாவாரியில் அப்பருத்தியை விளைவிக்கும் விவசாயிக்கும் அதில் பங்கு உண்டு.

7. ஆதாயம் எங்கே தங்குகிறது?

இனி, தொடக்கத்தில் மனத்தில் இருத்தச் சொன்ன கருத்துக்கு வருவோம். வேட்டியும் துண்டும் கைலியும் தறியிலேயே முடிந்துவிடுகின்றன. கைலிக்கு இரு ஓரத்தையும் மூட்டும் ஒரு தையல் மட்டுமே வேண்டும். ஆகவே இவற்றை நெய்யும் சங்கம் முடிந்த உடையையே விற்கிறது. உடுப்பவனை நேரே சந்திக்கிறது. சட்டைத் துணி நெய்யும் சங்கமோ மூலப்பொருளை மட்டும் விற்கிறது. வெட்டுபவர், தைப்பவர், பெயர்ச்சீட்டு ஒட்டுபவர், கடைக்காரர் ஆகியோர் இடையில் நிற்கின்றனர். உடுப்பவன் கொடுக்கும் ரூபாயில் தறிக்கு வந்து சேரும் பங்கு அங்கே குறைகிறது.

ஆடவர் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறும்போது, நெசவாளன் ஒரு வாடிக்கைக்காரனை மட்டும் இழப்பதில்லை. உடையை முடிப்பவன் என்ற நிலையிலிருந்து துணி கொடுப்பவன் என்ற நிலைக்கு இறங்குகிறான். நம் தொழிலின் ஆபத்து இதுவே.

அரசு பல வகையில் துணை நின்றுள்ளது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நம் துணிக்குச் சந்தை தேடித் தந்தது. 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் தறிகளுக்கு வேலை அளித்தது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 இனங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. வேட்டி, லுங்கி, துண்டு ஆகியவை குறித்த அமைப்புகளில் அப்பட்டியலில் உள்ளன. ஆயினும் சட்டத்தை மீறி விசைத்தறித் துணி சந்தையில் கைத்தறி என்ற பெயரில் புகுவதை நாம் அறிவோம். மேலும், அரசு ஒன்றையே வாங்குபவராகக் கொண்ட சங்கம், உடுப்பவன் முகத்தைக் காணாமலே நெய்யப் பழகிவிடுகிறது. திட்டம் சுருங்கும் நாளில் அது திகைத்து நிற்கும்.

8. சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, வேலைவாரியாக ரகம் வகுத்தல். கடல் தொழிலாளிக்கு ஒரு கைலி, உப்பளத்தாருக்கு ஒரு துண்டு, உழவருக்கு ஒரு வேட்டி, விழாவுக்கு ஒரு வேட்டி எனத் தனித்தனியே நூல் நம்பரும் அளவும் குறித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவது, சாயத்தைச் சோதித்தல். ஒவ்வொரு சாயத் தொகுதியிலிருந்தும் ஒரு துண்டை உப்பு நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, வெள்ளைத் துணியோடு தேய்த்துப் பார்க்க வேண்டும். கறை படிந்தால் அத்தொகுதியை விற்பனைக்கு விடலாகாது.

மூன்றாவது, அளவில் ஒழுங்கு. நான்கு முழம் என்றால் நான்கு முழம் இருக்க வேண்டும். அகலத்தில் இரண்டு அங்குலம் குறைத்து நெய்தால் நூல் மிஞ்சும், மானம் மிஞ்சாது. உயரமானவர் ஒருவர் அவ்வேட்டியை ஒருமுறை உடுத்தினால், பிறகு நம் முத்திரையையே நம்பமாட்டார்.

நான்காவது, இளைஞரின் குறையைக் கேட்டல். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சமும் பணப்பை வைக்க இடமில்லை என்ற குறையும் உண்மையானவை. ஒட்டுப் பட்டையும் பையும் வைத்த வேட்டியைத் தனியார் வணிகர் விற்றுப் பயனடைந்தனர். அவர்கள் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. சங்கமே அவ்வாறு தைத்து விற்பதற்குத் தடையொன்றும் இல்லை.

ஐந்தாவது, சட்டையைப் பகையாகக் கருதாமை. ஓட்டப்பிடாரம் வட்டத்துப் புதியம்புத்தூரில் ஆயத்த ஆடைத் தொழில் பெருமளவில் நடைபெறுகிறது. நெசவாளர் சங்கமும் தைப்போரும் ஒப்பந்தம் செய்துகொண்டால், கைத்தறிச் சட்டை முடிந்த உடையாகச் சங்கத்தின் பெயரிலேயே கடைக்கு வரும். இடையில் நிற்போரின் பங்கில் ஒரு பகுதி மீண்டும் தறிக்குத் திரும்பும்.

மார்க்கோ போலோ கண்ட கரையில் இன்று தையற்கடை இல்லாத தெரு இல்லை. அதற்காக வருந்துவதில் பயனில்லை. உடுப்பவனை அறிந்து நெய்யும் தறி, தையற்கடை எத்தனை வந்தாலும் நிற்கும். அறியாமல் நெய்யும் தறிக்குச் சட்டமும் மானியமும் சில காலமே முட்டுக் கொடுக்க முடியும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கம் நெய்யும் ஆடவர் துணி ரகங்கள் எத்தனை? ஒவ்வொன்றையும் எத்தொழிலார் மிகுதியாக வாங்குகின்றனர்?

2. நம் ஊர்த் திருவிழாக்களை மாதவாரியாக எழுதுக. அவற்றுக்கு எத்தனை வாரம் முன்பு பாவு ஓட்டத் தொடங்க வேண்டும்?

3. நீளம் 2 கெஜம், அகலம் 48 அங்குலம், பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 56 இழை உள்ள கைலிக்கு 40-ஆம் நம்பர் நூல் எத்தனை கிராம் வேண்டும்?

4. நாம் விற்கும் ஒரு கைலியின் சில்லறை விலையில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, நெய்தவர் கூலிக்கு எவ்வளவு, விற்பனைச் செலவுக்கு எவ்வளவு? சங்கக் கணக்கேட்டைக் கொண்டு விடை எழுதுக.

5. அங்கத்தினர் வீடுகளிலுள்ள இளைஞர் எத்தனை பேர் நம் துணியை உடுத்துகின்றனர்? உடுத்தாதவரிடம் காரணம் கேட்டு, அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க.